அல்லெக்ரோ என்றால் வேகமா, சந்தோஷமா?

போன மாதம் ஒரு நாள் காலை, ட்ராம் வண்டியில் ஓர் இத்தாலியப் பாதிரியார் என் தங்கையின் பரீட்சைக்கு உலை வைக்கப் பார்த்தார். பாவம், நல்ல மனசோடுதான்!

தங்கை கமலாவைப் பற்றி உங்களிடம் இதுவரை சொன்னதில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷத்துக்குள் புருஷனைப் பறிகொடுத்தவள். மயிலாப்பூரில் எங்களோடுதான் இருக்கிறாள். சாந்தோமில் ஒரு கான்வென்ட்டில் படிக்கச் சேர்த்தோம். அங்கே பியானோவைப் பார்த்தாள்... அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டுவிட்டாள். சங்கீதப் பரீட்சையில் தேறினால், சின்னப் பெண்களுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கும் வேலை தருவதாகக் கான்வென்ட் மதர் வாக்களித்திருந்தார்.

தேறாவிட்டால்? கும்பகோணத்திலிருந்து அவள் கணவனின் அண்ணா வந்து அழைத்துக்கொண்டு போய்விடுவார். அங்கே பெரிய குடும்பம். சமைக்க ஆள் வேண்டியிருக்கிறது.

ட்ராமில் நான் ஏன் அவளைப் பாடாய்ப் படுத்தினேன் என்று இப்போது புரிகிறதா?

பரீட்சை வைக்கும் துரை, வாசிக்கச் சொல்வதோடு விடமாட்டார். கேள்வியும் கேட்பார். எந்தக் கதியில் வாசிக்க வேண்டும் என்று ஒவ்வொரு உருப்படிக்கும் மேலே இத்தாலிய வார்த்தை ஒன்று போட்டிருக்குமாம். அதற்கு அர்த்தம் சொல்ல வேண்டும். லஸ்ஸில் ஏறியதிலிருந்து நான் அவளை விடவில்லை.

"அல்லெக்ரோ?"

"வேகமா."

"ஆண்டான்ட்டே?"

"கொஞ்சம் மெதுவா."

"அடாஜியோ?"

"ரொம்ப மெதுவா. போறும் அக்கா, எல்லாரும் பாக்கறா."

எதிர் பெஞ்சில் நரைத்த தாடியோடு உட்கார்ந்திருந்த பாதிரியார் சிரித்தார்.

"மன்னிக்கணும் அம்மா, இது என் பாஷை. அல்லெக்ரோ வேகம் இல்லை, சந்தோஷம். ஆண்டான்ட்டே - நடந்து போகிறது. அடாஜியோ - அவசரம் இல்லாமல், சௌகரியமாக."

கமலா மடியிலிருந்த பாடப் புஸ்தகத்தைப் புரட்டினாள். "புஸ்தகத்துல வேகம்னுதானே போட்டிருக்கு?"

"சின்ன வயசில் என் அம்மா என்னை அல்லெக்ரோ என்பாள். நான் ஓடினதுக்கு இல்லை, சிரிச்சதுக்கு" என்றார். அடுத்த நிறுத்தத்தில் நிம்மதியாக இறங்கிப் போய்விட்டார்.

எங்கள் நிம்மதியையும் கையோடு எடுத்துக்கொண்டு!

எதைச் சொல்வது? புஸ்தகத்தில் இருப்பதையா, அந்த பாஷையிலேயே பிறந்து வளர்ந்தவர் சொன்னதையா? கமலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு மெல்லச் சொன்னாள்.

"வேகமா வாசின்னா விரலை ஓட்டிடலாம் அக்கா. சந்தோஷமா வாசின்னா... அதுக்கு நான் எங்கே போவேன்?"

 இறங்கும் இடம் வந்ததைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை. கண்டக்டர்தான் எங்களை எழுப்பினார்.

"இன்னாம்மா, ராயப்பேட்டைக்குச் சீட்டு வாங்கிக்கினு இன்னும் குந்திக்கினு கீறீங்க? எறங்குங்க!"

பரீட்சை ஹாலின் வராந்தாவில் என்னை உட்கார வைத்தார்கள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே கமலா வாசிக்க ஆரம்பித்தாள். ஆரம்பித்தாளா? தலைதெறிக்க ஓடினாள்! விரல் தடுக்கியது. மறுபடியும் தடுக்கியது. நின்றேவிட்டது.



கபாலீசுவரருக்கு நான் என்னென்ன வேண்டிக்கொண்டேன் என்பதை இங்கே எழுதினால், அத்தனையையும் நிறைவேற்றச் சொல்லி என் ஆத்துக்காரர் துளைத்துவிடுவார்.

துரை இங்கிலீஷில் நிதானமாகக் கேட்டார். "மேலே என்ன போட்டிருக்கிறது?"

"அல்லெக்ரோ."

"அர்த்தம்?"

 நான் கதவிடுக்கில் காதை வைத்தேன். சொல்லேன்டி, ஏதாவது ஒன்றைச் சொல்லேன்...

"புஸ்தகத்தில் வேகம் என்று இருக்கிறது, ஸார். சந்தோஷம் என்பதுதான் சரியான அர்த்தம் என்று ஓர் இத்தாலியர் சொன்னார்." அவள் அதோடு விடவில்லை. "எனக்கு வேகம் மட்டும்தான் பழக்கம்."

 துரை, "அவர் சொன்னது சரி. இங்கே உன்னை யாரும் துரத்தவில்லை. முதலிலிருந்து வாசி" என்றார்.

வாசித்தாள். சந்தோஷமாக வாசித்தாள் என்று எழுத ஆசைதான், அது பொய்யாகிவிடும். நடுவில் ஓரிடத்தில் பிசகியது. ஆனால் இந்தத் தடவை அவள் நிற்கவில்லை. முடியப் போகிற சமயம் ஸ்வரங்கள் மேலே மேலே ஏறின. சின்ன வயசில் ஊஞ்சலைக் காலால் உந்திவிட்டு, 'ஆ'வென்று மூச்சை இழுப்பாளே, அந்தக் கமலா ஒரு விநாடி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். வராந்தா தூணைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன்.

மயிரிழையில் தேறிவிட்டாள். ஜூன் மாதம் வேலை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. அடுக்களையில் பம்பரமாகச் சுழலும் பெண்ணைப் பார்த்து, "அவளுக்கென்ன, சந்தோஷமா இருக்கா" என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறோம்! அந்தப் புஸ்தகம் எழுதியவரை மட்டும் குறை சொல்வானேன்? நாமும் அதே அர்த்தத்தைத்தானே போட்டுக்கொண்டிருக்கிறோம்?

கும்பகோணத்து அண்ணாவும் வந்தார். கூடத்தில் உட்கார்ந்து, விஷயத்தைக் கேட்டு, முகம் சிவந்தார்.

"நன்னாயிருக்கு! நாலு பேர் எதிர்ல, நாற்காலி போட்டுண்டு உக்காந்து வாசிக்கப் போறாளாக்கும்?"

உள்ளேயிருந்து கமலாவின் குரல் வந்தது. அவசரமே இல்லாமல்.

"நாற்காலி இல்லை. ஸ்டூல்."