புகையைத் துடைத்த பக்கம்

என் தங்கை பாண்டிமீனா இதுவரை ஒரு சொட்டு மது குடித்ததில்லை. இதை முதல் வரியிலேயே எழுத வேண்டியிருப்பதுதான் எனக்கு ஆத்திரம். எங்கள் ஊரான தாயில்பட்டியில் இப்போது வேறு கதை ஓடுகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. பிளஸ் டூ முடித்தவள். நான் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டு, அப்பாவின் நான்கு ஏக்கரில் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறேன். அவள் பதினொரு வருடமாகச் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் புரூஃப் பார்த்து வந்தவள். வெடிப்பெட்டி, தீப்பெட்டி லேபிளோடு மது பாட்டில் லேபிளும் அங்கே அச்சாகும். புரியாத ஒரு சொல்லைக்கூட அவள் தாண்டிப் போக மாட்டாள். அகராதியைப் பார்த்து, ஆர்டர் கொடுத்தவர்களிடம் போனில் கேட்டு, நோட்டில் எழுதி வைப்பாள். விஸ்கி அவளுக்கு அப்படித்தான் பாடமானது.

போன மாசி மாதம் கோவாவில் ஒரு ஹோட்டல் பதினாறு பக்கச் சிறு புத்தகத்துக்கு ஆர்டர் கொடுத்தது. எந்த ஊர் விஸ்கி எப்படி இருக்கும் என்று விருந்தாளிகளுக்குச் சொல்லும் புத்தகம். ஏழாம் பக்கத்தில் ஸ்காட்லாந்தின் ஐலா தீவு. படத்தில் ஒரு பழைய கட்டடம், கூரைக்கு மேலே புகை. படங்களைத் திருத்தும் செல்வக்குமார் அந்தப் புகையைத் துடைத்துவிட்டு நீல வானம் வைத்திருந்தான். அவனை நான் திட்ட மாட்டேன். அச்சகத்துக்கு வரும் வெடிக் கம்பெனிகள் எல்லாம், பெட்டிப் படத்தில் புகை தெரியக் கூடாது என்று சொல்லிச் சொல்லி அவன் கை பழகிவிட்டது. ஆனால் சூப்பர்வைசர் ராஜபாண்டியன் செய்தது வேறு. பக்கத்தில் இருந்த ஆங்கில வாசகத்தில் ‘புகை வாசம் மிகுந்தது’ என்பதை ‘புகை குறைந்தது’ என்று அவரே மாற்றினார். புகை என்றால் குறை என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

பாண்டிமீனா இரண்டையும் சிவப்பு மையால் அடித்து, கையெழுத்துப் போடாமல் அவர் மேசையில் வைத்தாள்.

"என்ன தாயி, கையெழுத்தக் காணோம்?"

"ஏழாம் பக்கம் தப்பா இருக்கு சார். அந்தத் தீவுச் சரக்குக்குப் புகைதான் அடையாளம்."

"எந்த பார்ல ஒக்காந்து குடிச்சுப் பாத்த? தொட்டுக்க என்ன, அவிச்ச கடலையா?"

மிஷினைச் சுற்றி நின்ற பதினொரு பேரும் சிரித்தார்கள். புரூஃப் பார்த்தவர் கையெழுத்து இல்லாமல் அச்சுக்குப் பிளேட் போடக் கூடாது என்பது அந்த அச்சகத்தின் வழக்கம். அன்று அது இல்லாமலே போட்டு, புத்தகத்தை அடித்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் அந்தப் பேச்சு எங்கள் ஊர் டீக்கடைக்கு வந்துவிட்டது. ஊர்க்காரன் மணிகண்டராஜ் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டான். "ஏலே பெத்தணா, ஒந் தங்கச்சிக்கு எந்த ஊரு சரக்கு ஒத்துக்கிடுது? எனக்கும் ஒண்ணு சொல்லச் சொல்லேன்."

டீயை அவன் காலடியில் ஊற்றிவிட்டு வந்தேன். அடுத்து நான் செய்ததையும் மறைக்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே அவளிடம் கத்தினேன்.

"ஊரு பூராம் பேசுது. ஒனக்கு எதுக்கு இந்தச் சாராய ஆராய்ச்சி?"

உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். "அண்ணே, மக்காச்சோள வெதை மூட்டையில பருத்தின்னு அச்சடிச்சு வந்தா நீங்க சும்மா இருப்பீகளா?"

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

"ஒண்ணுதான். அமெரிக்காவுல போர்பன்னு ஒண்ணு, பாதிக்கு மேல மக்காச்சோளந்தான். புதுப் பீப்பாய உள்பக்கம் கருக்கி, அதுல ஊத்தி வைக்கிறாக. அதான் இனிப்பு. அயர்லாந்துல பெரும்பாலும் மூணு தடவ காச்சி எறக்குறாக, தொண்டையில நைசா எறங்குமாம். ஸ்காட்லாந்துலயே ஸ்பேசைடுப் பக்கம் ஆப்பிள், தேன் வாசம். இந்தத் தீவுல சதுப்பு நெலத்து மண்ணக் கட்டி கட்டியா வெட்டிக் காயப்போட்டுக் கொளுத்துறாக. அந்தப் புகையில பார்லிய வாட்டுறாக. ஆஸ்பத்திரி வாடை அடிக்கும்னே எழுதியிருக்காக. அங்கன போயி புகை கம்மின்னு போட்டா, படிக்கிறவன் யாரப் பாத்துச் சிரிப்பான்? அச்சடிச்ச ஊரப் பாத்துத்தான."

மூடியைத் திறந்து முகர்ந்துகூடப் பார்க்காமல் இவ்வளவு தெரிந்தவள் என் தங்கை. பாட்டில் பாட்டிலாகக் குடித்தவர்களுக்கு இதில் கால்வாசி தெரியாது.

பங்குனியில் ஐயாயிரம் புத்தகமும், ஏழாம் பக்கம் தப்பு என்று கோவாவிலிருந்து திரும்பி வந்தன. ராஜபாண்டியன் கூசாமல் முதலாளியிடம், "புரூஃப் பாத்தது மீனாதான்" என்றார். அவள் சிவப்பு மை போட்ட தாளை எடுத்து வந்து காட்டினாள். முதலாளி பார்த்தார். புகையைத் திரும்ப வைத்து மறுபடி அடிக்கச் சொன்னார். ஹோட்டல்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். அவளிடம் முதலாளி சொன்னது, "சரி விடு, வேலையப் பாரு" என்பது மட்டும்தான்.

அன்று சாயங்காலம் அவள் இதைச் சொன்னதும், அச்சகத்துக்குப் போய்க் கேட்க நான் பைக்கை எடுத்தேன். அவள் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நீங்க வந்து கத்துனா, அண்ணங்காரனும் குடிச்சிட்டு வந்தாம்பாக. நான் பேசிக்கிறேன்."

மறுநாள் மிஷின் பக்கத்தில் போய் நின்று ராஜபாண்டியனிடம் கேட்டிருக்கிறாள். "அன்னைக்கு இங்கன வச்சுத்தான கேட்டீக. இதே ஆளுக முன்னால, கேட்டது தப்புன்னு சொல்லுங்க."

"வெளையாட்டுக்குச் சொன்னது தாயி. இதப் போயி..."

"அப்ப வெளையாட்டுன்னு எங்க ஊருக்கு வந்து சொல்லுங்க."

அவர் திரும்பிக்கொண்டு மிஷினில் தாளைச் சரி பார்த்தாராம். அந்தப் பதினொரு பேரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்களாம். அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஆறு வாரம் ஆகிறது. இரண்டு முறை ஆள் அனுப்பினார்கள். நேற்று முதலாளியே போன் செய்து, ராஜபாண்டியன் முகத்தில் விழிக்காதபடி தனி ரூம் தருகிறேன் என்றார்.

"ரூம் வேண்டாம் சார். அந்த மிஷின் பக்கத்துலதான் அவரு சொல்லணும்" என்று வைத்துவிட்டாள்.

இவ்வளவு பிடிவாதம் ஆகாது என்று அம்மா செல்லத்தாய் புலம்புகிறாள். பிடிவாதம் யாருக்கு என்று நான் கேட்கிறேன். தப்பு என்று ஒரு சொல் சொல்ல ராஜபாண்டியனுக்கு நாக்கு எழவில்லை. அது எழும்வரை அவள் போக மாட்டாள். போ என்று நானும் சொல்ல மாட்டேன்.