கப்பல் டிராக்டருக்குப் போன பீங்கான்

பொருளைச் செய்கிறவர்களுக்கு அது நன்றாக வந்தால் சந்தோஷம். தரம் பார்க்கிறவர்களுக்கு அதில் குறை கண்டுபிடித்தால்தான் சம்பளம். எந்தக் கம்பெனியிலாவது அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கூட வேலை பார்ப்பவர்களின் முறைப்பைத் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்ளும் புண்ணியவான்களே, இது உங்களுக்காகத்தான். நான் விருத்தாசலத்தில் ஒரு சின்னப் பீங்கான் கம்பெனியில் அந்த நாற்காலியில் இருக்கிறேன்.

கடல் இல்லாத ஊரில்

எங்கள் கம்பெனி ஊறுகாய் ஜாடியும் கொலு பொம்மையும் செய்துகொண்டிருந்தது. ஜாடியைப் பிளாஸ்டிக் ஒழித்தது. பொம்மையை நவராத்திரிக்கு மட்டும் தேடுகிறார்கள். அந்த நேரத்தில்தான், நாட்டின் துறைமுகங்களில் புகை கக்கும் பழைய இழுவைக் கப்பல்களை மாற்றிவிட்டு பேட்டரியில் ஓடுகிறவற்றைக் கொண்டுவரப் போகிறார்கள், அவற்றுக்குப் பீங்கான் இன்சுலேட்டர் செய்து தர முடியுமா என்று ஒரு விசாரணை வந்தது. முதலாளி ராஜவேலு தயங்கினார். நான் விடவில்லை. நச்சரித்து நச்சரித்து, பொம்மை அச்சுகளை எல்லாம் மூட்டை கட்ட வைத்தேன்.

பீங்கானைப் பளபளப்புப் பூச்சில் முக்கி எடுக்கும் பகுதிக்குப் பொறுப்பு கஸ்தூரி அக்கா. சேத்தியாத்தோப்பிலிருந்து வருகிறவர். அவரையும் மற்றப் பெண்களையும் உட்கார வைத்து விளக்கினேன். பெரிய கப்பலால் துறைமுகத்துக்குள் தானாகத் திரும்பி நிற்க முடியாது. இந்தச் சின்னக் கப்பல் கயிறு போட்டு இழுத்தும், முட்டித் தள்ளியும் அதை நிறுத்தும். பேட்டரி மின்சாரம் அதன் இரும்பு உடம்பில் இறங்காமல் தடுப்பது நம் பீங்கான். இறங்கினால் உள்ளே இருப்பவர்கள் பிழைப்பது கஷ்டம். இவ்வளவையும் சொல்லி முடித்தபோது எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. கஸ்தூரி அக்கா சொன்னார்: "இம்மாம் நேரம் எதுக்கு மேடம் சுத்துறீங்க? கப்பலுக்கு டிராக்டருன்னு சொன்னா முடிஞ்சுது."

அந்தோணி சார்

கப்பல் கட்டும் கம்பெனியின் சார்பில் பொருளைச் சோதிக்கிறவர் அந்தோணி சார். தூத்துக்குடிக்காரர். பழைய டீசல் இழுவைக் கப்பல்களின் இன்ஜின் அறையில் வருஷக்கணக்கில் வெந்தவர். எங்கள் முதல் சாம்பிளை உப்புத் தண்ணீர்ப் புகைக்குள் வைத்து மின்சாரம் ஏற்றியிருக்கிறார். மின்சாரம் பீங்கானின் மேலேயே வழி கண்டுபிடித்து ஓடி, பொறி பறந்திருக்கிறது. கருகின பீங்கானைக் கையோடு எடுத்துக்கொண்டு விருத்தாசலத்துக்கே வந்துவிட்டார்.

நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பொறி பறந்த இடம் முழுக்கக் கருகிக் கிடந்ததில் எதுவும் பிடிபடவில்லை. அனுப்பும்போது மழமழவென்று, கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி இருந்ததே என்று அவரிடமே அங்கலாய்த்தேன். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "பாக்க நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா கடலு கண்ணால பாக்காது, நக்கியில்லா பாக்கும்."

ஆளுக்கொரு காரணம்

இரண்டாவது சாம்பிளும் அதே மாதிரி பொறி பறந்து திரும்பி வந்தது. அப்புறம் கம்பெனியில் பீங்கானைவிடக் காரணம்தான் அதிகம் உற்பத்தியானது. போர்வெல் தண்ணீர் உப்பாகிவிட்டது என்றார்கள். மண் சரியில்லை என்றார்கள். எதிர்க் கம்பெனிக்காரன் கண் என்று வாசலில் பூசணிக்காய் கட்டினார்கள். எனக்குத்தான் மண்டை காய்ந்தது. ஏனென்றால் அதே சூளையில் வெந்த மிச்சப் பீங்கான்கள் மேல் நான் பேனா மையைப் பூசித் துடைத்துப் பார்த்தேன். பூச்சில் எங்காவது ஓட்டை இருந்தால் மை அங்கே தங்கிவிடும். ஒன்றில்கூடத் தங்கவில்லை. வீட்டில் இருப்பதெல்லாம் நல்லது, அனுப்புவது மட்டும் கெட்டது என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

சாம்பிளுக்கு நான் மை வைப்பதில்லை. மை பட்ட பொருளை வாங்குகிறவர் கையில் கொடுக்கக் கூடாது என்பது ஜாடிக் காலத்திலிருந்தே எங்கள் வழக்கம். இன்னொரு வழக்கமும் உண்டு. பூச்சில் முதலில் முக்கி எடுக்கும் தட்டு எதுவோ, அதில் அடுக்கிய பீங்கான்கள்தான் வாங்குகிறவருக்குச் சாம்பிளாகப் போகும். அவற்றை யாரும் வேறு எதற்கும் எடுக்க மாட்டோம்.

மூன்றாவது சாம்பிளும் தோற்றால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும், சூளையை மூட வேண்டியதுதான் என்று முதலாளி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் திட்டியிருந்தால் தேவலை. சாவிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டு மெதுவாகத்தான் பேசினார்: "நீ சொன்னதாலதாம்மா பொம்மைய வுட்டேன். இப்ப பொம்மைக்கும் திரும்ப முடியல, கப்பலுக்கும் போவ முடியல."

முதல் தட்டு

நான் வேப்பூரிலிருந்து வருகிறவள். நான் பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்வதற்குள் பூச்சு வேலை பாதி முடிந்திருக்கும். மூன்றாவது சாம்பிளுக்கு மண் காய்ந்த அன்று மட்டும், தூக்கம் வராததால் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டேன். கஸ்தூரி அக்கா முதல் தட்டை முன்னால் வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு கிண்ணம். அதில் நல்லெண்ணெய் விட்டுக் குழைத்த குங்குமம். விரலில் தொட்டு, ஒவ்வொரு பீங்கானுக்கும் ஒரு பொட்டு வைத்தார். வைத்துவிட்டுப் பூச்சில் முக்கினார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எண்ணெய் இருக்கும் இடத்தில் பூச்சு ஒட்டாது. குங்குமம் சூளையில் எரிந்துவிடும். வெள்ளை உடம்பில் வெள்ளைப் பூச்சு என்பதால் அந்த வெற்றிடம் கண்ணுக்கே தெரியாது. ஜாடிக்கும் பொம்மைக்கும் அவர் அடியில்தான் பொட்டு வைப்பார், அங்கே பூச்சே கிடையாது, அதனால் ஒரு கேடும் வந்ததில்லை. இதற்கு அடி எது, தலை எது என்று தெரியாமல், வெளியே தெரிய வேண்டாமே என்று குடை போன்ற மடிப்புக்குள் வைத்திருக்கிறார். நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று சாம்பிளை மட்டும் பார்த்துப் பார்த்துக் கெடுத்திருக்கிறோம்.

பொட்டு வேண்டாம் என்றேன். முக்கிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. இரண்டு முறை தோற்ற பொருளுக்குப் பொட்டையும் எடுத்துவிடச் சொல்கிற பைத்தியக்காரியை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளியும் வந்து நின்றார். கஸ்தூரி அக்கா கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கோபமில்லை, பயம். "பொட்டு வெக்காம அனுப்பி, அந்தப் படகுல யாருக்காச்சும் ஒண்ணு ஆச்சுன்னா நீங்க பதில் சொல்லுவீங்களா மேடம்?"

மை

நேரே அலமாரிக்குப் போனேன். இரண்டாவது சாம்பிளின் தட்டில் மிச்சமிருந்த ஒரே பீங்கானை எடுத்து வந்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு சாம்பிளுக்கு மை பூசினேன். துடைத்தேன். எல்லா இடத்திலும் மை துணியோடு வந்துவிட்டது, மடிப்புக்குள் ஒரு விரல்நுனி அளவுக்கு மட்டும் கறுப்பாகத் தங்கி நின்றது. கஸ்தூரி அக்கா தன் விரலை அதன் மேல் வைத்துப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை.

பொட்டு வைத்த தட்டை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒரு தட்டு முக்கினோம். கிண்ணத்துக் குங்குமத்தை எல்லாம் அக்கா சூளைக் கதவில் பூசித் தீர்த்தார். வெந்து ஆறியதும் அந்தோணி சார் நேரில் வந்து எடுத்துப் போனார். அதற்கப்புறம் கம்பெனியில் யார் போன் அடித்தாலும் எல்லோருக்கும் சோறு இறங்காது. ஒரு மத்தியானம் அவர் கூப்பிட்டு, பாஸ் என்றார். எங்கே தப்பு நடந்தது என்று ஒளிக்காமல் சொன்னேன். அவர் சொன்னார்: "எங்க ஆளுககிட்ட இதச் சொல்லிராதீங்க மேடம், அவங்க படகு பூராம் பொட்டு வைக்கிறவங்கல்லா."

தண்ணீரில் இறங்கியது

புது இழுவைக் கப்பல் தண்ணீரில் இறங்கிய அன்று அந்தோணி சார் எனக்குப் படம் அனுப்பினார். புகைபோக்கியே இல்லாத கப்பல். முகப்பில் மாலை, எலுமிச்சம்பழம், தட்டு அகலத்துக்கு ஒரு குங்குமப் பொட்டு. எங்கள் பீங்கான் அதன் வயிற்றுக்குள் எங்கோ, யார் கண்ணிலும் படாமல் இருக்கிறது.

படத்தைக் கஸ்தூரி அக்காவிடம் கொடுத்தேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் அதைப் பெரிதாக்கி, நான் பீங்கானைப் பார்க்கிற மாதிரியே மூலைமூலையாகப் பார்த்தார். பொட்டிலிருந்து சிவப்பாக ஒரு கோடு வழிந்திருந்தது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தண்ணியில கொழச்சிருக்காங்க மேடம். எண்ணெ வுட்டிருந்தா நின்னிருக்கும்."

நாட்டின் துறைமுகங்கள் டீசலையே விடத் தொடங்கிவிட்டன. நாங்கள் விட வேண்டியிருந்தது ஒரு பொட்டை மட்டும்தான், அதற்கே எங்களுக்கு மூன்று சூளை பிடித்தது.