இடப்பக்கம் போன மவுஸ்

2002-ல், தீபாவளிக்கு முந்தைய மாதங்களில், பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நடந்தது இது. அப்போது நான் ஒரு சாஃப்ட்வேர் ஆபீஸில் வேலை பார்த்தேன். கண்ணாடிக் கட்டடம் எதையும் நினைத்துவிடாதீர்கள். முதலாளியின் உரக்கடை மாடியில் நான்கு கம்ப்யூட்டர், ஒரு ஏசி. அந்த ஏசியும் எங்களுக்காக இல்லை, கம்ப்யூட்டருக்காக! அரிசி மில், சிமென்ட் ஏஜென்சி என்று சுற்றுவட்டாரக் கடைகளுக்கு பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுப்போம். அரியலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோவேன்.

அதுவரை எல்லாமே ஃபாக்ஸ்புரோ என்கிற பழைய புரோகிராம் மொழியில்தான் எழுதினோம். கீபோர்டு இருந்தால் போதும், மவுஸே வேண்டாம். திடீரென்று கடைக்காரர்களெல்லாம் விண்டோஸில் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். முதலாளி என் கம்ப்யூட்டரில் மட்டும், பெட்டிகளை மவுஸால் இழுத்து வைத்து ஸ்கிரீன் செய்யும் விஷுவல் பேசிக் போட்டுக் கொடுத்து, மற்ற மூவரையும் பழக்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார். தீபாவளிக்குள் ஒவ்வொருவரும் அவர் கண்ணெதிரே ஒரு பில் ஸ்கிரீன் செய்து காட்ட வேண்டும். முடியாதவர்களுக்குக் கீழே உரக்கடை கவுன்ட்டரில்தான் இடம்.

இரண்டு பேர் சுலபமாகப் பழகிவிட்டார்கள். மூன்றாவது ஆள்தான் பாய். லப்பைக்குடிகாட்டுக்காரர், எங்களுக்கெல்லாம் சீனியர். துபாயில் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதிவிட்டு, பிள்ளைகுட்டிகளோடு இருக்க வேண்டும் என்று ஊர் திரும்பியவர். இரண்டு கையாலும் அவர் ஃபாக்ஸ்புரோ தட்டுகிற அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால், "வலது கையில பிடிச்சு மெதுவா இழுங்க பாய்" என்று மவுஸைக் கொடுத்தால் போச்சு! நடுவில் வைக்க வேண்டிய பெட்டி எங்கோ மூலைக்கு ஓடிவிடும். எல்லோரும் சிரிப்போம். அவரும் சிரிப்பார்.

"இந்த எலி நமக்கு ஆவாதும்மா" என்று எழுந்தால், டீ குடிக்கப் போனவர் திரும்பி வரவே மாட்டார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். ஒருநாள் பொறுக்க முடியாமல், "கீழ போயி உர மூட்டை எண்ணப் போறீங்களா பாய்?" என்று கேட்டுவிட்டேன்.

"கவுன்ட்டர்ல நிக்க மாட்டேம்மா. மச்சான் விசா ரெடியா வச்சிருக்காரு, துபாய்க்கே போயிடுவேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் வந்த புதுசுல சின்ன மக என்னைப் பார்த்து யாரோன்னு ஓடிட்டா. அப்பன்னு புரிஞ்சு 'அத்தா'ன்னு கூப்பிடவே ரொம்ப நாளாச்சு. அதான் திரும்பிப் போக மனசு வர மாட்டேங்குது" என்றார்.

அப்படிக் கேட்டிருக்க வேண்டாமே என்று இருந்தது எனக்கு.

இதற்கிடையில் இன்னொரு தொல்லை. காலையில் வந்து உட்கார்ந்தால், என் மவுஸ் கீபோர்டுக்கு இடப்பக்கம் கிடக்கும். பெருக்குகிற அக்காதான் நகர்த்துகிறார் என்று நினைத்து, 'மவுஸை நகர்த்தாதீர்கள்' என்று எழுதி ஒட்டினேன். மறுநாளும் மவுஸ் இடப்பக்கமே கிடந்தது.

ஒருநாள் வழக்கமான பஸ்ஸுக்கு முந்தின பஸ் கிடைத்து, சீக்கிரமே வந்துவிட்டேன். ஆபீஸ் சாவி பாயிடம்தான் இருக்கும். கதவு திறந்திருந்தது. என் நாற்காலியில் பாய். இடது கையில் மவுஸ். திரையில் பெட்டியும் பட்டனும் வரிசையாக நிற்க, அம்சமாக ஒரு பில் ஸ்கிரீன்!

என்னைப் பார்த்ததும் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டார். "வைரஸ் இருக்கான்னு பார்த்தேம்மா."

"பாய், நீங்க எடக்கையா?"

தலையைக் குனிந்துகொண்டார். "நாலு பேரு முன்னாடி பீச்சாங்கையை நீட்டினா நல்லாவா இருக்கும்? சின்னதுல வூட்ல அடிச்சு அடிச்சு மாத்துனாங்க. சோறு திங்கிறது மாறிடுச்சு, மத்தது மாறல."

தினமும் வருகைப் பதிவில் அவர் இடது கையால் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன், மண்டையில் ஏறவில்லையே! மவுஸ் பட்டன்கள் இடது கைக்குத் தோதாக மாறும்படி செட்டிங்கை மாற்றிக் கொடுத்தேன்.

"இம்புட்டுதானா?" என்றார்.

"இம்புட்டுதான் பாய்."

பில் ஸ்கிரீன் பார்க்க முதலாளி வந்து உட்கார்ந்த அன்று, பாயின் முறை வந்தது. இடது கையை மவுஸில் வைத்தார். "என்ன பாய், நல்ல நாள் வர்ற நேரத்துல பீச்சாங்கையால ஆரம்பிக்கிறீங்க?" என்று முதலாளி கேட்டதுதான் தாமதம், பாயின் கை பின்வாங்கியது. எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, "சார், கையைப் பாக்காதீங்க, ஸ்கிரீனைப் பாருங்க!" என்று கத்திவிட்டேன். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

முதலாளி என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஸ்கிரீனைப் பார்த்தார். பாயின் கை திரும்பவும் மவுஸுக்கு வந்தது. அவர் செய்து முடித்ததும், "அந்த மூலையில கடை பேரைப் பெருசா போடுங்க பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டு முதலாளி இறங்கிப் போய்விட்டார். அதற்கு மேல் என்ன சர்டிஃபிகேட் வேண்டும்!

மறுநாள் பாய் சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு, ஒரு டப்பா அல்வாவோடு வந்தார். அல்வாவை மட்டும் வலது கையால் கொடுத்தார். "அத்தா, நானும் குடுக்குறேன்" என்று அந்தக் குட்டி அவருடைய இடது கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. துபாய் விசா என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை.

இன்றும் யாருக்காவது புதிதாக ஒன்றைப் பழக்க உட்கார்ந்தால், அவர் எந்தக் கையால் எழுதுகிறார் என்று பார்த்த பிறகுதான் நான் வாயைத் திறக்கிறேன்.