இராகுகாலத்துக்கு முன்னம்

குருநகர் கனிசியஸின் மகள் நிரோஜினிக்குக் கோபம் வந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும் என்று சொல்வார்கள். சுத்தப் பொய். கோபம் வந்தால் அவளுக்குச் சத்தமே வராது, காது மட்டும் சிவக்கும். அந்த வெள்ளிக்கிழமை சிவந்த காது இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

தகப்பன் கடலுக்குப் போகிறவர். மகள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக் கம்பஸில் கணினி படித்தாள். கூடப் படித்தவர்கள் கொழும்புக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் பறக்க, இவள் கொக்குவிலில் கனகலிங்கம் நடத்தும் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தாள். மரண அறிவித்தல்களை இணையத்தில் போடுகிற கந்தோர் அது. நம்முடைய ஆட்கள் எந்த நாட்டில் செத்தாலும் பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒன்றும் விடாமல் அறிவித்தல் வரவேண்டும். ஒரு பெயர் விடுபட்டால் செத்தவீட்டிலேயே சண்டை தொடங்கிவிடும். அறிவித்தலுக்குக் கீழே உலகத்தின் நாலு பக்கத்திலிருந்தும் சனம் அனுதாபம் எழுதும்.

இவ்வளவையும் தேடித் தருகிற தரவுத்தளம் நிரோஜினியின் பொறுப்பு. தரவைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பிரதி எடுத்து, மூன்று சேர்வர்களில் பரப்பி வைத்திருந்தாள். ஒவ்வொரு சேர்வரும் கொண்டெய்னர் என்கிற தனி மென்பொருட் பெட்டிக்குள் ஓடும். அவற்றையெல்லாம் மேய்ப்பது குபெர்னெட்டிஸ் என்கிற மென்பொருள். ஒன்று விழுந்தால் தானே எழுப்பிவிடும். கூட்டு என்றால் கூட்டும், குறை என்றால் குறைக்கும். சொன்னதைச் செய்யுமே தவிர, சொன்னவருக்கு மூளை இருக்கிறதா என்று கேட்காது.

பக்கத்து வீட்டு லூர்த்தம்மாவின் மகன் றொகான் போன வருடம் பிரான்சில் செத்துப்போனான். அடக்கமும் அங்கேதான். தாய்க்கு விசா கொடுக்கவில்லை. பெட்டியைத் தொடக்கூட அந்த மனுசிக்குக் கொடுத்துவைக்கவில்லை. றொகானோடு வேலை செய்தவர்களும் அறையில் இருந்தவர்களும் அறிவித்தலுக்குக் கீழே எழுதினார்கள். அவன் காய்ச்சும் கூழுக்காகக் காலையில் சாப்பிடாமல் காத்துக் கிடப்போம் என்று ஒருவன் எழுதியிருந்தான். தன் பிள்ளைக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியது றொகான்தான் என்று முகம் தெரியாத ஒரு பெண் எழுதியிருந்தாள். ஞாயிறு பூசை முடிந்ததும் லூர்த்தம்மா வந்து கதிரையில் இருப்பார். நிரோஜினி போனில் வாசித்துக் காட்டுவாள். மகன் பிரான்சில் வாழ்ந்த வாழ்க்கையில் தாய் கண்டது அவ்வளவுதான்.

அந்த அனுதாபங்களுக்கு வேறெங்கும் பதிவு இல்லை. அறிவித்தல்கள் இன்னொரு தரவுத்தளத்தில் பத்திரமாக இருந்தன. அனுதாபங்களை மட்டும், கந்தோர் தொடங்கிய காலத்தில் எவரோ செய்துவிட்டுப் போன அவசர வேலையால், நேரே தேடல் தளத்திலேயே எழுதுவது வழக்கமாகிவிட்டது. வெளியில் ஒரு காப்புப் பிரதி வைக்க இடம் எடுத்துத் தாருங்கள் என்று நிரோஜினி கேட்காத மாதம் இல்லை. பார்ப்போம் என்பார் கனகலிங்கம். பார்த்தாரே பார்வை! றொகானின் பக்கத்தையாவது அவள் படமெடுத்து வைத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அது அழியும் என்று கனவிலும் யார் நினைத்தார்கள்?

ஒரு கல்லூரியின் பழைய அதிபர் காலமான அன்று, அவரிடம் படித்தவர்கள் எல்லா நாடுகளிலிருந்தும் ஒரேயடியாகத் தேட, தளம் படுத்துவிட்டது. பழைய மூன்று சேர்வருக்குப் பதிலாகப் பெரிய இயந்திரங்களில் புதிதாக ஆறு வைப்பது என்று முடிவாயிற்று. புதியவற்றைச் சேர்த்தால் ஒவ்வொரு துண்டுக்கும் அங்கே புதிய பிரதி உருவாகும். எல்லாம் உருவாகும்வரை திரை மஞ்சள் காட்டும், முடிந்ததும் பச்சை. பச்சை வந்தபிறகுதான் பழையவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தவேண்டும். அவசரப்படாவிட்டால் ஒரு ஆபத்தும் இல்லாத வேலை.

கனகலிங்கம் அதற்கும் சாத்திரியாரிடம் போனார். வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரம். பத்தரைக்கு இராகுகாலம் தொடங்கிவிடும், அதற்குள் பழையது போய்ப் புதியது ஓடவேண்டுமாம். நேரம் பார்ப்பதில் நிரோஜினிக்கு ஒரு குறையும் இல்லை. பங்குச் சுவாமியார் வந்து தீர்த்தம் தெளிக்காமல் அவளுடைய தகப்பனும் புதுப் படகை இறக்கமாட்டார். ஆனால் எஞ்சின் பூட்டி முடிக்குமுன் சுவாமியாரைக் கூப்பிடவும் மாட்டார்.

பத்து மணி தாண்டியும் பாதித் துண்டுகளுக்குப் புதிய இடத்தில் பிரதி இல்லை. கனகலிங்கம் வந்து அவளுடைய திரையை எட்டிப் பார்த்தார்.

“மஞ்சள் மங்களம்தானே பிள்ளை. பழசை நிப்பாட்டும்.”

“இப்ப நிப்பாட்டினா அரைவாசி போயிடும் சேர். பச்சை வரட்டும்.”

மத்தியானம் ஆகும் என்றும் சொன்னாள். அவர் தன் அறைக்குப் போனார். அங்கே முதலாளிக்குரிய கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே நுழைந்து, பழைய மூன்றையும் ஒன்றாக நிறுத்தி, டிஸ்க்குகளையும் சேர்த்து அழிக்கவா என்று வந்த கேள்விக்கு ஓம் கொடுத்தார். குபெர்னெட்டிஸ் சொன்னதைச் செய்தது. நிரோஜினியின் திரை சிவந்தது.

அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது மனுசன் பிள்ளையார் படத்துக்குக் கற்பூரம் கொளுத்திக்கொண்டு நிற்கிறார். எல்லாம் வடிவாக முடிந்ததாம், இராகுகாலத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறதாம். அடப் பாவி மனிசா! சேர்வர் வாடகைக்குத் தருகிற கம்பனிக்கு எழுதினாள். அழித்த டிஸ்க்கை மீட்க வழியில்லை என்று பதில் வந்தது. அறிவித்தல்களை மற்றத் தளத்திலிருந்து திரும்ப ஏற்றினாள். பிறகு றொகானின் பெயரைத் தேடினாள். படம் வந்தது, பெயர் வந்தது. கீழே ஒரு வரியும் இல்லை. அவனுக்கு எழுதியது முழுக்க அழிந்த பாதிக்குள் போய்விட்டது.

கனகலிங்கமோ, தவிர்க்கமுடியாத தொழில்நுட்பக் கோளாறு என்று ஒரு மன்னிப்பு எழுதி, அவளுடைய பெயரில் எல்லோருக்கும் அனுப்பச் சொன்னார். அவளுடைய பெயரில்!

“நான் எழுதமாட்டன் சேர். குருநகரிலை ஒரு வீட்டுக்கு என்னோடை வாங்கோ. உங்கடை வாயாலை சொல்லுங்கோ. இல்லாட்டி நான் இண்டையோடை போறன்.”

அவள் போனால் ஆறு சேர்வரையும் பார்க்க ஆளில்லை. வந்தார். சுகமில்லாதவரைப் பார்க்கப் போகிற மாதிரி முந்திரிகைப் பழமும் வாங்கிக்கொண்டு வந்தார். லூர்த்தம்மா வீட்டுக் கதிரையில் நுனியில் இருந்துகொண்டு, கோளாறு என்றார், கொம்பியூட்டர் என்றார், எல்லாப் பக்கமும் சுற்றிக் கடைசியில்தான் அழிந்த கதையைச் சொன்னார். பேசாமல் அதோடு எழும்பியிருக்கலாம். நல்ல நேரம் பார்த்துத்தான் அம்மா செய்தோம் என்றும் சொல்லிவைத்தார்.

லூர்த்தம்மா நிரோஜினியைப் பார்த்தார். இனி வாசிக்க முடியாதா என்று கேட்டார். ஒரு வரியும் மிச்சமில்லை என்று அவள் சொன்னாள். பிறகு லூர்த்தம்மா கனகலிங்கத்தின் பக்கம் திரும்பினார். குரல் உயரவே இல்லை.

“நேரம் பாத்தோ தம்பி அழிச்சனீங்கள்? என்ரை பிள்ளை செத்த நேரத்தை எனக்கு ஒரு கந்தோரும் சொல்லேல்லை. அவனோடை அறையிலை இருந்த பொடியன்தான் அந்த நேரத்தை அதிலை எழுதினவன்.”