இரண்டும் ஆண் என்று சொன்னவள்

அந்தத் தெருவில் அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. முடியாதக்கா என்றால்தான் தெரியும். வண்ண மீன் கடை வைத்திருந்தாள். கேட்டதைக் கொடுக்க மாட்டாள். அதனால் வந்த பெயர்.

சின்ன வயதிலேயே துணிக்கடைக்கு வேலைக்குப் போனவள். அங்கே நாளெல்லாம் "இருக்குங்க, பாருங்க, பிரிச்சுக் காட்டறேங்க" என்று குழைந்து குழைந்தே அலுத்துப் போனாள். மீன் கடைக்காரர் ஒருவர் தொழிலை விட்டுப் போகும்போது, பேசி முடித்து அதைத் தான் எடுத்துக்கொண்டாள். அன்றோடு குழைவும் போயிற்று. மீன் வாங்க வருகிறவர்களைக் கொலைக்கு ஆயுதம் கேட்டு வந்தவர்கள்போலப் பார்ப்பாள்.

"அந்தப் பட்டை போட்ட பார்ப் மீன்ல நாலு. தோகை மாதிரி தொங்குதே ஏஞ்சல், அதுல ரெண்டு" என்பார் ஒருவர்.

"ஒரே தொட்டிக்கா?"

"ஆமா."

"முடியாது. நாலே நாலு பார்ப்னா அதுங்களுக்குள்ள கடிச்சுக்க ஆள் பத்தாது. ஏஞ்சலோட தோகையைப் பிச்சுத் தின்னும். பார்ப் மட்டும்னா எட்டா எடுங்க. இல்லேன்னா நகருங்க, பின்னாடி ஆள் நிக்குது."

"வளக்கப் போறது நான். உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"சாகப் போறது நீங்க இல்லையே."

இப்படிப்பட்டவளிடம் தங்கை புருஷன் மீன் வாங்க வந்து நின்றான். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரன். புதிய இடத்துக்குக் கடையை மாற்றியபோது, கண் பரிசோதனைக்குக் காத்திருப்பவர்கள் உட்காரும் அறையில் ஐந்தடித் தொட்டி ஒன்றை வைத்திருந்தான். இருவருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. கல்யாணப் பேச்சு வந்தபோது, "இந்த மாப்பிள்ளையோட சிரிப்பு ரெண்டு மாசம்கூடத் தாங்காது, வேண்டாம்" என்று நாலு பேர் நடுவில் சொன்னவள் அவள். அது அவன் காதுக்குப் போனது. அன்றிலிருந்து அவள் பக்கத்தில் உட்கார நேர்ந்தால் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வான். மீன் வாடையாம்.

"தூங்குமூஞ்சி மீனெல்லாம் வேண்டாம், அக்கா. கொஞ்சம் முறைக்கிற மீனா கொடுங்க. ஆனா ஒண்ணை ஒண்ணு கொன்னுடக்கூடாது."

"உங்களுக்கு எல்லாமே அப்படித்தான் வேணும், தம்பி."

சொன்னாளே தவிர, பொறுப்பாகத்தான் தேர்ந்தெடுத்தாள். டைகர் பார்ப் ஒரு டஜன். கூட்டமாக இருந்தால் சண்டை அவற்றுக்குள்ளேயே முடிந்துவிடும். பெயருக்குத்தான் சுறா, சிவப்பு வால் ஷார்க் ஒன்றே ஒன்று. தன் இனத்தில் இன்னொன்றைக் கண்டால் அது விடாது. அடியில் திரிய, முள்ளோடு கூடிய கெளுத்திகள். ஒதுங்கிக்கொள்ள இரண்டு கோடியிலும் கல் குகை. சின்னதாக மினுங்கும் நியான் கேட்டான், தீனியாகிவிடும் என்றாள். ஆஸ்கர் கேட்டான், மற்றதெல்லாம் தீனியாகிவிடும் என்றாள். கடைசியில் கான்விக்ட் என்ற மீனின் தொட்டிக்கு முன்னால் போய் நின்றான். ஜெயில் சட்டை போட்டதுபோல் கறுப்புக் கோடுகள், விறைப்பான முகம்.

"இதுல ரெண்டு."

"ஒண்ணு போதும். ஜோடி சேந்துச்சுன்னா தொட்டியே அதுங்க சொத்துதான்."

"அப்ப ரெண்டும் ஆணா பார்த்துக் கொடுங்க. ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

அவ்வளவு சிறிய கான்விக்டில் ஆண் எது பெண் எது என்று பார்ப்பது யாருக்குமே கஷ்டம். பெண்ணுக்கு வயிற்றில் ஆரஞ்சு நிறம் ஏறும், அதுவும் வளர்ந்த பிறகுதான். ஆனால் அவன் முன்னால் தெரியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வலையை விட்டு இரண்டைப் பிடித்தாள்.

"ரெண்டும் ஆண். நான் சொல்றேன்ல."

சில மாதம் கழித்து ஒரு விடுமுறை நாள், கடையில் கூட்டம் நெரியும் நேரம் பார்த்து அவன் ஒரு வாளியோடு வந்தான். கல்லா மேஜைமேல் நங்கென்று வைத்தான். உள்ளே வாலில்லாத பார்ப், கண் போன பார்ப். ஷார்க் வெளிறிப்போய் மல்லாந்து மிதந்தது.

"எல்லாரும் வந்து பாருங்க. ஊருக்கே பாடம் எடுக்கறாங்களே, அவங்க பார்த்துப் பார்த்துக் கொடுத்தது. தினம் பொணம் அள்ளறேன். ரெண்டும் ஆணாம். ஒரு ஆண் முட்டை போட்டுக் குஞ்சும் பொரிச்சிருக்கு."

எப்போதோ அவளிடம் ஏச்சு வாங்கிய ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவளுக்குக் காது மடல் சுட்டது.

"விளக்கை எவ்வளவு நேரம் எரிய விட்டீங்க?" என்று கேட்டாள். அது சப்பைக்கட்டு என்று அவளுக்கே தெரிந்தது.

"விளக்கு வெளிச்சத்துல ஆம்பளை பொம்பளையா மாறுமா, அக்கா?"

மறுநாள் தன் கடையைப் பூட்டிவிட்டு, வலையும் மூடி போட்ட வாளியுமாக அவன் கடைக்குப் போனாள். தொட்டியைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. இடது பக்கம் முழுக்க ஜோடியின் ராஜ்ஜியம். கூழாங்கல்லை வாயால் அள்ளிக் குழி தோண்டியிருந்தன. குழிக்கு மேல் மிளகுத்தூள் தூவியதுபோல் குஞ்சுகள். எஞ்சிய மீனெல்லாம் வலது மேல் மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

ஜோடியைப் பிடிக்க வலையை நனைத்தாள். பில் போடும் இடத்திலிருந்து தங்கை எழுந்து வந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இதுங்களை எடுத்துட்டா குஞ்சுங்க?"

"மத்ததுங்க தின்னுடும்."

"அப்ப எடுக்காதே."

"இதுங்க இருந்தா மத்தது பொழைக்காதுடி."

"மத்ததை எடுத்துட்டுப் போ."

"ரெண்டு மீனுக்கு அஞ்சடித் தொட்டியா? நல்லா இருக்கு நியாயம்" என்றான் புருஷன்.

"நீங்க சும்மா இருங்க." தங்கை அக்கா பக்கம் திரும்பினாள். "நீ சேராதுன்னா சேராது, அப்படித்தானே? எங்களையும் அப்படித்தான் சொன்ன. கல்யாணத்துல ஒரு வாய் தண்ணி குடிக்காம போன. நான் வாழலையா?"

"வாழ்ற லட்சணத்தைக் கண்ணாடில பாரு. கடை பூரா கண்ணாடிதானே."

தங்கை வலையைப் பிடுங்கித் தரையில் அடித்தாள். காத்திருந்தவர்கள் பத்திரிகைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். புருஷன் மட்டும் நிதானமாகச் சொன்னான்: "மொதல்ல தப்பு உங்களுதுன்னு சொல்லிட்டு அப்புறம் எங்க குடும்பத்தைப் பேசுங்க."

அவள் குனிந்து வலையை எடுத்தாள். "தப்பா பார்த்துட்டேன்" என்றாள், தொட்டியைப் பார்த்தபடி.

"அவளுக்குக் கேக்கல" என்றான் அவன், தங்கையைக் காட்டி.

"தப்பா பார்த்துட்டேன்" என்று உரக்கச் சொன்னாள். "மீனைச் சொல்றேன்."

சொல்லிவிட்டால் மனம் லேசாகும் என்பார்கள். அவளுக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. முழங்கைவரை நனைய, வலது மூலை மீன்களை ஒவ்வொன்றாகப் பிடித்து வாளியில் விட்டாள். யாரும் கைகொடுக்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு போகையில் கதவைக்கூடத் திறந்துவிடவில்லை.

பாதி மீன்கள் செத்தன. மீதி, வால் முளைத்து அவள் கடையின் பின்தொட்டியில் கிடந்தன. அவற்றை அவள் விலை பேசவே இல்லை. கண்ணாடிக் கடையில் வந்தவர் காதில் கண்ணாடிச் சட்டத்தை மாட்டிவிடும்போதெல்லாம் அவன் இந்தக் கதையைச் சொன்னான். தெருவில் சிலர் அவளிடம் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

கான்விக்ட் ஜோடி விடாமல் குஞ்சு பொரித்தது. தங்கை குஞ்சுகளைப் பாலிதீன் பையில் கொண்டுவந்து கல்லா மேஜைமேல் வைப்பாள்.

"இத்தனையை யாரு வாங்குவா?" என்பாள் அக்கா.

"எனக்கென்ன தெரியும்?"

ஒரு தடவை, பையை வைத்த பிறகும் தங்கை நின்றாள். "அவரு ஒரு வாரமா எங்கிட்டப் பேசறதில்ல" என்றாள்.

"உக்காரு."

"உக்கார வரல" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கிப் போனாள்.

குஞ்சுகளுக்குத் தண்ணீர்ச் சூடு பழகட்டும் என்று அக்கா பையை அவிழ்க்காமல் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டாள். பிறகு, அடுத்து நின்ற ஆளிடம் எரிந்து விழுந்தாள்.