சாக்கடையை எல்லையாக எழுதியவள் நான்

என் மகள் விழுந்த இடத்தை இரண்டு பேர் டேப் வைத்து அளந்தார்கள். எவ்வளவு ஆழம் என்று பார்க்கவில்லை. எந்த வார்டு என்று பார்த்தார்கள்.

ஒருவர் எங்கள் வார்டு கவுன்சிலரின் ஆள், இன்னொருவர் எதிர் வரிசை கவுன்சிலரின் ஆள். எங்கள் தெருவின் நடுவே பெரிய சாக்கடை போகிறது. மேல வரிசையில் எங்கள் வீடுகள், பெரும்பாலும் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். கீழ வரிசையில் தோல் வியாபாரமும் பிரியாணிக் கடையும் வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பங்கள். இரண்டையும் சேர்ப்பது சாக்கடை மேல் போட்ட சிலாப்தான். அது உடைந்து ஐந்து மாதமாகிறது; சரிசெய்ய வேண்டியது எங்கள் வார்டு இல்லை என்று இரண்டு கவுன்சிலர்களும் கைகாட்டுகிறார்கள். போன வாரம் மழை பெய்து தண்ணீர் தெருவை மூடியிருந்தபோது, பள்ளிவேனை விட்டு இறங்கி வந்த என் மகள் அந்த ஓட்டையில் கால் வைத்தாள். எதிர்வீட்டுத் தோல்கடை பாய் பார்த்து ஓடிவந்து புத்தகப்பையின் வாரைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால், இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். வலது முழங்கை முறிந்தது. நெற்றியில் ஆறு தையல்.

டேப்பை இழுத்துக்கொண்டு, "டீச்சர், ஓட்டை நடுவுல இருக்கு. ஆனா சாய்மானம் அந்தப் பக்கம்" என்றார் எங்கள் ஆள்.

"ஏப்பா, புள்ள நடந்து வந்தது எங்கன, வெளிய எடுத்தது எங்கன, அதையும் பாக்கணும்ல" என்றார் எதிர் வரிசை ஆள்.

பாய் கடையிலிருந்து இறங்கி வந்தார். "தலை எங்க வார்டுல கிடந்துச்சு, காலு டீச்சர் வார்டுல கிடந்துச்சு. வயசு பதினெட்டானா அவ ஓட்டும் ரெண்டு வார்டுக்கும் பாதிப் பாதியாப் போடச் சொல்லுவோமா?"

அவர்கள் சிரித்தார்கள்.

ஒரு காலத்தில் இந்தத் தெரு முழுக்க ஒரே வார்டு. இப்போது அந்த வார்டு இல்லை. அது எப்படி ஒழிந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் அதில் என் கையும் இருக்கிறது.

நான் கல்லூரியில் படித்தபோது நடந்த தேர்தலுக்கு முன்னால் இரண்டு வரிசையும் உட்கார்ந்து ஒரு முறை வைத்துக்கொண்டன: இந்தத் தடவை மேல வரிசை ஆள், அடுத்த தடவை கீழ வரிசை ஆள். முறைக்கு உரிய வரிசை ஒருவரை நிறுத்தும், மற்ற வரிசை எதிர்த்து நிற்காது. முதலில் எங்கள் வரிசை ஆள் ஜெயித்தார். மண் வாய்க்காலாக இருந்ததை அவர்தான் சிமெண்ட் சாக்கடையாகக் கட்டினார். அடுத்து கீழ வரிசை ஆள். அவர் சிலாப் போட்டார், தெருவிளக்கு போட்டார். ஜெயித்த அன்று அவர் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு வாளி நிறைய பிரியாணி வந்தது.

மூன்றாவது தேர்தலில் வார்டு பெண்களுக்கு என்று ஆனது. முறைப்படி அது எங்கள் தடவை. எங்கள் வரிசையில் நிற்கத் தயாராக இருந்தவர் தன் மனைவியை நிறுத்தினார். கீழ வரிசையில் பேச்சு கிளம்பியது: "நம்ம பேசுனது ஆம்பளைக்கு. பொம்பளைக்கு முறையே வைக்கலயே. புதுசாத்தான் ஆரம்பிக்கணும்." அவர்களும் ஒரு மனைவியை நிறுத்தினார்கள். இரண்டு பெண்களும் வாயைத் திறந்து நான் பார்க்கவில்லை. வாசல் வாசலாகக் கையெடுத்துக் கும்பிட்டார்கள், கணவர்கள் பேசினார்கள். ஓட்டு பிரிந்து, மார்க்கெட் முனையிலிருந்து நின்ற மூன்றாவது பெண் ஜெயித்தார். அவருடைய கணவர் ஐந்து வருடத்தில் ஒருநாள்கூட எங்கள் தெருவுக்குள் வரவில்லை. வந்திருந்தாலும் நாங்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்ததைத்தான் பார்த்திருப்பார்.

அதன்பிறகு பல வருடம் தேர்தலே இல்லை. பிறகு வார்டு எல்லைகளை மாற்றப்போவதாகவும், கருத்து இருந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்றும் அறிவிப்பு வந்தது. ஓர் ஊர் இதற்கு என்ன செய்யும்? எங்களைப் பிரிக்காதீர்கள் என்று எழுதும். நாங்கள் பிரித்துவிடுங்கள் என்று எழுதினோம். இரண்டு வரிசையும் பல வருடத்துக்குப் பிறகு ஒற்றுமையாக இருந்தது அந்த ஒரு விஷயத்தில்தான். ஆளுக்கொரு கவுன்சிலர், இனி முறையும் வேண்டாம் சண்டையும் வேண்டாம் என்று எல்லாருக்கும் சந்தோஷம்.

எங்கள் கோயில் கமிட்டித் தலைவர், எனக்குச் சித்தப்பா முறை, வெள்ளைத்தாளோடு வீட்டுக்கு வந்தார். "தாயி, உன் கையெழுத்துத்தான் முத்து முத்தா இருக்கும். செத்த நேரம் உக்காந்து எழுதிக் குடு."

எழுதினேன். 'தெருவின் நடுவே ஓடும் சாக்கடையையே எல்லையாகக் கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.' அந்த வாக்கியம் நானே யோசித்தது. தெளிவாக எழுதியிருக்கிறேன் என்று அன்று பெருமைப்பட்டேன். அதன்படியே வார்டை இரண்டாகப் பிரித்தார்கள். சாக்கடை யாருடையது என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. மாணவர்கள் ஒரு வரி விட்டால் சிவப்பு மையால் கோடு போடுகிறவள் நான்.

டேப் பிடித்தவர்கள் போன மறுநாள் இன்னொரு மனு எழுதினேன்: முழுச் சாக்கடையையும் ஒரே வார்டில் சேர்க்க வேண்டும்.

பாய் கேட்டார்: "எந்த வார்டுன்னு போட்டீக?"

"உங்க வார்டுன்னுதான்."

அவர் தாளை வாங்கிக்கொண்டு போய், சாயங்காலத்துக்குள் தன் வரிசை முழுக்கக் கையெழுத்து வாங்கி வந்தார்.

எங்கள் வரிசையில் கையெழுத்துப் போட்டவள் நான் ஒருத்திதான். வீடு வீடாக ஏறி இறங்கினேன். 'புள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?' என்று கேட்டார்கள், காபி கொடுத்தார்கள், பேனாவைத் தொடவில்லை. சித்தப்பா சொன்னார்: "சாக்கடையக் கட்டுனது நம்ம ஆளு. அதத் தூக்கி அவுகளுக்குக் குடுக்கவா?"

நாற்றமெடுத்த தண்ணீருக்கு இத்தனை ரோஷம்!

இதற்கிடையே யாரோ நல்லது செய்வதாக நினைத்து, பழைய தேர்தல் பலகை ஒன்றை ஓட்டை மேல் போட்டுவிட்டார்கள். ஊறிப்போன பிளைவுட். மேலே பார்த்தால் பள்ளமே தெரியாது. வெறும் கையால் அதைப் பிய்த்தெடுத்து வீசினேன். வீட்டுக்குள் போய் என் மகள் உட்கார்ந்து படிக்கும் நாற்காலியைத் தூக்கி வந்து ஓட்டைக்குள் கால்களை இறக்கி நிறுத்தி, என் சிவப்புச் சேலையைக் கிழித்துக் கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த சித்தப்பா வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தார். "ஏம்மா, வழியில இப்படியா? வண்டி எப்படித் திரும்பும்? எடு முதல்ல."

மனுவையும் பேனாவையும் நீட்டினேன். "கையெழுத்துப் போடுங்க சித்தப்பா. புது சிலாப் போட்ட அன்னைக்கு எடுத்துர்றேன்."

"புள்ள பொழச்சு வந்துட்டாள்ல, இன்னும் என்ன ஆங்காரம் உனக்கு?"

"அதனாலதான் நாற்காலி நிக்கிது. இல்லன்னா எல்லாரும் மெழுகுவத்தியோட வந்திருப்பீக."

வண்டியைச் சிரமப்பட்டுத் திருப்பிக்கொண்டு போனார்.

மகள் இப்போது கட்டிலில் உட்கார்ந்து மடியில் நோட்டை வைத்து இடது கையால் எழுதப் பழகுகிறாள். எழுத்து கோணல் மாணலாக வருகிறது. "அம்மா, என் சேர் எப்ப வரும்?" என்று தினமும் கேட்கிறாள். எங்கள் வரிசையில் என் வீடு போகப் பதினோரு வீடும் கையெழுத்துப் பாக்கி. இன்று சாயங்காலம் மறுபடியும் முதல் வீட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.