விலக்குக் கிடைத்த கணிதம்

தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அதனால் ஐம்பத்திரண்டு வயதில், கனடாவின் ஸ்காபரோவில் ஒரு கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் டிப்ளோமாவுக்குச் சேர்ந்தேன். யாழ்ப்பாணத்தில் பத்தொன்பது வயதில் எழுதிய ஏ.எல். உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றைப் பார்த்து, முதலாவது கணிதப் பாடத்தை நான் படிக்கத் தேவையில்லை என்று விலக்களித்தார்கள். ஒரு வாரம் நிலத்தில் கால் படாமல் நடந்தேன்.

இரண்டாவது பாடத்தின் முதல் வகுப்பில், பலகையில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் சமன் குறிதான். இதில் தவறினால் டிப்ளோமாவும் இல்லை, வேலையும் இல்லை. மனைவியிடம் சொன்னேன்.

"உங்களுக்குத்தானே எல்லாம் தெரியும் எண்டு விட்டவை?"

"ஓம், அவை அப்பிடித்தான் சொல்லினம்."

மறுநாள் கல்லூரி அலுவலகத்துக்குப் போய், விலக்கை ரத்துச் செய்யக் கேட்டேன். அங்கிருந்த தமிழ்ப் பெண் என் பெறுபேற்றை இரண்டு தரம் பார்த்தார்.

"அண்ணை, எல்லாரும் இன்னும் கூட விலக்குத் தாங்கோ எண்டுதான் வாறவை. உண்மையா இந்தச் சோதினை எழுதினது நீங்கள்தானோ?"

தாளை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன். தாளில் இருப்பது என் பெயர்தான். ஆனால் அந்தக் கணக்குகளைச் செய்தவனை எனக்கு இப்போது தெரியாது.

விலக்கை ரத்துச் செய்துவிட்டார்கள்; இப்போது முதலாவது பாடத்தில் உட்கார்ந்து, பின்னங்களிலேயே தடுமாறுகிறேன். அந்தப் பத்தொன்பது வயதுக்காரன் பக்கத்து மேசையில் இருந்தால் எட்டிப் பார்த்து எழுதியிருப்பேன்.